மீனுக்கு வார்த்த அம்மை

மாத்தளை,
14 மார்ச் 1937.

அன்புள்ள சந்திரகாந்தாவுக்கு,

உன் புருஷன் அழகுமுத்து எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். எல்லாக் கடிதத்திலும் எழுதுகிற நலம் இல்லை இது. உடம்பில் ஒரு பொட்டுக்கூட இல்லாத நலம். நம் வீட்டில் அம்மை என்று லொறிக்கார ஐயாவு உங்கள் தோட்டத்தில் வந்து சொன்னானாம். அதனால் உன்னையும் பிள்ளையையும் இப்போதைக்கு அனுப்ப முடியாது என்று மாமா சொல்லி அனுப்பியிருக்கிறார். மாமாவைக் குறை சொல்ல மாட்டேன். ஐயாவு சொன்னதும் பொய் இல்லை. வாசலில் வேப்பிலை இருந்ததை அவன் பார்த்தான். அது உன் தங்கமீனுக்காகச் செருகியது.

சிரிக்காமல் மேலே படி.

துரைசானி சீமைக்குக் கப்பலேறும்போது உன்னை நம்பித் தந்த மீனை, பிரசவத்துக்குப் போகும்போது நீ என்னை நம்பி விட்டுப் போனாய். சிட்டிகைத் தீனி போதும் என்று சொல்லித்தான் போனாய். ஆனால் நான் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அது கண்ணாடி ஓரம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. போன மாதம் ஒரு நாள் என் தட்டிலிருந்து ஒரு பிடி அதற்கும் போட ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் தொட்டித் தண்ணீர் கஞ்சியாகிவிட்டது. உடனே தொட்டியைக் கவிழ்த்துக் கழுவி, பைப்புத் தண்ணீரை ஜில்லென்று அப்படியே நிரப்பினேன். நாலு நாள் கழித்துப் பார்த்தால், மீனின் உடம்பெல்லாம் ரவை தூவினது போல வெள்ளைப் புள்ளி.

பக்கத்து வீட்டுப் பாப்பம்மா அக்கா வந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா எறங்கியிருக்கா தம்பி. தாளிச்சிராதப்பா, எங்கயும் போயிராத" என்று சொல்லி, வாசலில் வேப்பிலை செருகினார். தொட்டிக்குள்ளும் ஒரு கொத்துப் போட்டார். மீனுக்கு அம்மை வருமா என்று நான் கேட்டிருக்கலாம். ஆனால் நம் மூத்தவனை அம்மைக்குக் கொடுத்த வீடு அல்லவா இது?

பிள்ளைக்குப் பெயர் வைத்த அன்று நான் வராததும் அதனால்தான். தையல் வேலை அதிகம் என்று எழுதியது பொய். இந்த வீட்டிலிருந்து எதையாவது சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்து அவளுக்குக் கொடுத்துவிடுவேனோ என்று பயந்தேன். அதை உனக்கு எழுதவும் பயமாக இருந்தது. நீ அன்று முழுக்கப் பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பாய். என்னை மன்னித்துக்கொள்.

வேப்பிலை செருகிய தையல்கடைக்கு யார் துணி கொண்டுவருவார்கள்? ஒரு வாரம் மெஷின் சும்மா கிடந்தது. யாரோ போய்ச் சொல்லி, சானிட்டரி இன்ஸ்பெக்டர் ரவூப் ஐயா இரண்டு ஆட்களோடு வந்து நின்றார். நோயாளியைத் தூக்கிப் போக ஸ்ட்ரெச்சரும் வந்திருந்தது. ஆள் எங்கே என்று கேட்டார். நான் தொட்டியைக் காட்டினேன். அவர் தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆட்களை வெளியே போகச் சொன்னார். பிறகு என் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். எனக்கு அன்றுதான் மூச்சு ஒழுங்காக வந்தது.

அவர் வீட்டிலும் கொசுப்புழு தின்ன மீன் வளர்க்கிறாராம். "இது மீனுக்கு மட்டும் வர்ற சீக்குங்க, மனுசருக்கு ஒட்டாது. நீங்க சோறு போட்டே அதக் கொல்லப் பாத்திருக்கீங்க" என்றார். தொட்டியிலிருந்த வேப்பிலையை எடுக்கச் சொன்னார். தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்திருந்து, மூன்றில் ஒரு பங்கு மட்டும் மாற்ற வேண்டும்; அதில் கொஞ்சம் உப்புக் கரைக்க வேண்டும்; இரண்டு நாள் மீனைப் பட்டினி போட வேண்டும். பட்டினிதான் எனக்குக் கஷ்டம். அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன்.

பத்து நாளில் ஒரு புள்ளி இல்லை. இப்போது தொட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. பாப்பம்மா அக்காவுக்கு மட்டும் குறை. தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் ஆத்தாவை அனுப்பக்கூடாதாம். தண்ணீரிலேயே கிடப்பதற்கு எப்படி அக்கா ஊற்றுவது என்று கேட்டேன். முறைத்துவிட்டு, மாரியம்மன் கோயிலுக்குப் போய் உன் பெயரிலும் பிள்ளை பெயரிலும் அர்ச்சனை செய்து வந்தார்.

இந்த வீட்டில் அம்மை இல்லை என்று ரவூப் ஐயா கையெழுத்துப் போட்ட துண்டுச்சீட்டு இத்துடன் இருக்கிறது. மாமாவிடம் காட்டு. வெள்ளிக்கிழமை ரத்தோட்டை பஸ்ஸில் வந்துவிடு. காலையிலிருந்தே ஸ்டாண்டில் நிற்பேன்.

மூத்தவனைத் தூக்கிக் கொடுத்த நாளிலிருந்து என் கையை நானே நம்புவதில்லை. விரல் நீள உயிர் ஒன்று இந்தக் கையில் பிழைத்ததில் இப்போது கொஞ்சம் தைரியம் வந்திருக்கிறது. அந்தத் தைரியம் போவதற்குள் அவளைக் கொண்டுவந்து என் கையில் கொடு.

ஆத்தா உங்கள் இருவரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் மகள் முகம் பார்க்காத
அழகுமுத்து