ஆட்டத்தின் நடுவே நீ அடித்த பெரட்டு

என் வலது உள்ளங்கையில் துரு வாசம் அடிக்கிறது. நேற்றிலிருந்து சவர்க்காரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறேன், போவேனா என்கிறது. மகள் தைலம் தடவிவிட்டு, "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலை" என்று முணுமுணுத்துக்கொண்டு போனாள். இந்த வாசத்தை நான் முதன்முதலில் மோந்தது உன் கையில்தான் புள்ள. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷமாகப் போகிறது. இருந்தாலும் நேற்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் பேரனுடைய பேனாவைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று செனாவாங் திடலில் பேரன் ஆடும் பந்தாட்டம். அவன் வேலை செய்கிற பேக்டரிக்கும் இன்னொரு பேக்டரிக்கும் போட்டி. வந்தே தீரவேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். ஆட்டம் முடியவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. அத்தனை கூட்டமும் ஒரே வாசலுக்கு ஓடியது. வாசலின் இரும்புக் கேட்டில் ஒரு பக்கம்தான் திறந்திருந்தது, மறுபக்கத்துக்குப் பூட்டு. பூட்டிய பக்கத்தோடு ஒட்டி நானும் மகளும், எங்களுக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலர். பின்னால் இருப்பவன் மழைக்குப் பயந்து தள்ளுகிறான். முன்னால் ஒரு சின்னவன் கம்பியோடு நசுங்கி, அழக்கூட மூச்சில்லாமல் வாயைத் திறந்தபடி நிற்கிறான். அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். அதைப் பிறகு சொல்கிறேன். உன் கதையைச் சொன்னால்தான் என் கதைக்கு மரியாதை. நீயோ உன் கதையை யாரிடமும் வாய் திறந்து சொன்னதே கிடையாது.

சப்பான்காரன் காலம் அது. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய்விட்டார், ரப்பர்த் தோட்டம் கணக்கெழுதுகிற கிராணியின் கையில். பால்மரத்தைப் பாதி விட்டுவிட்டு மரவள்ளி நட்டோம், மரவள்ளியையே தின்றோம், கோணிச் சாக்கைப் பாவாடையாகத் தைத்துக் கட்டினோம். நீ ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்தாய். நாங்கள் மரத்துக்கும் காட்டுக்கும் போய்த் திரும்பும்வரை எங்கள் பிள்ளைகளுக்கு நீதான் எல்லாம். மூன்று வயது என் மகள் பெற்றவளைவிட உன்னிடம்தான் ஒட்டிக்கொள்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நானென்ன மந்திரமா வச்சிருக்கேன், உன் மூஞ்சியக் கொஞ்சம் சிரிச்சாப்புல வச்சுக்க" என்பாய்.

ஆபீசுக்குப் பக்கத்தில் பெரட்டுக் களம். எந்தக் காலத்திலோ கெமாஸிலிருந்து கொண்டுவந்த தண்டவாளத் துண்டு ஒன்று அங்கே மாமரத்தில் தொங்கும். விடியுமுன் அதை அடிப்பார்கள். அடித்தால் லயத்து வீடுகளில் இருக்கிற அத்தனை பேரும் களத்துக்கு வந்து, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், அவரவர் கங்காணி வரிசையில் வாய் மூடி நிற்கவேண்டும். பேர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்கிற அந்தப் பெரட்டு முடிந்த பிறகுதான் வேலைக்காடு. பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு, அந்தச் சத்தம் வந்தால் புத்தி விழிக்குமுன் கால் நடக்கும். உனக்கு மட்டும் அந்தச் சத்தம் ஆகாது. அப்படி ஒரு பெரட்டில்தான் சயாமில் ரயில்பாதை போடுகிற வேலைக்குச் சப்பான்காரர்கள் ஆள் பொறுக்கினார்கள். வரிசையின் கடைசியில் நின்ற உன் புருஷனைத் தோளைத் தொட்டுத் தனியே நிறுத்தினார்கள். அன்றோடு சரி. அதற்குப் பிறகு அந்த மணி அடிக்கும்போதெல்லாம் நீ முந்தானையால் காதைப் பொத்திக்கொள்வாய். அந்த மாமரத்துப் பக்கமே வராமல் பின்வழியாகச் சுற்றிக் கொட்டகைக்குப் போவாய்.

அந்த நிலைமையில்தான் சப்பான் ராஜா பிறந்தநாளுக்குப் பந்தாட்டம் என்று உத்தரவு வந்தது. நமக்கும் பக்கத்து மலைத் தோட்டத்துக்கும் ஆட்டம், ஜெயிக்கிற தோட்டத்துக்கு அரிசி மூட்டை. அரிசி புள்ள. அந்தச் சொல்லைக் கேட்டே லயத்தில் பாதிப் பேருக்கு எச்சில் ஊறியது. பந்தின் உள்பை ஓட்டையாகக் கிடந்ததை ரப்பர் பால் ஊற்றி ஒட்டினார்கள். என் வீட்டுக்காரர்தான் நமக்கு முன்னாட்டக்காரர். மரவள்ளியைத் தின்றுவிட்டு அந்த மனுஷன் எப்படித்தான் ஓடினாரோ.

திடல் பள்ளத்தில், பெரட்டுக் களம் அதற்கு மேலே. நடுவிலிருந்த சரிவில் இரண்டு தோட்டத்து ஜனமும் ஏறி நின்றது. பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்று நீ எல்லாரையும் கூட்டிப்போய்க் கோட்டோரக் கயிற்றடியில் உட்கார வைத்தாய். மலைத் தோட்டத்துப் பிள்ளைகளை எதற்கு என்று யாரோ கேட்டதற்கு, "புள்ளைக்கு ஏதுய்யா தோட்டம்" என்று வாயை அடைத்தாய். எதிர்க்கோட்டில் சப்பான் அதிகாரி நாற்காலியில், பக்கத்தில் அரிசி மூட்டை, இரண்டு பக்கமும் துப்பாக்கியோடு சிப்பாய்கள்.

ஆட்டம் என்றால் ஆட்டம், அப்படி ஓர் ஆட்டம். அவர்கள் ஒன்று போட்டார்கள், நாம் ஒன்று போட்டோம். முடியப்போகிற நேரத்தில் என் வீட்டுக்காரர் இருவரைத் தாண்டிக்கொண்டு போய் ஓங்கி ஓர் உதை விட்டார். மூங்கில் கம்பத்துக்கு மேலே குறுக்குக் கட்டை கிடையாது, கயிறுதான். பந்து கயிற்றை உரசிக்கொண்டு போனது. கீழேயா மேலேயா? நம் ஆட்கள் கோல் என்று குதித்தார்கள், அவர்கள் மேலேதான் போனது என்று பாய்ந்தார்கள். நடுவராக நின்ற ஆஸ்பத்திரி டிரசர் விசிலை வாயில் வைத்தபடி சிலையாக நின்றார். அவ்வளவுதான், சரிவிலிருந்த ஜனம் இறங்க ஆரம்பித்தது. மேலே நிற்பவன் கண்ணுக்கு அரிசி மூட்டை தெரிகிறது, கயிற்றடியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை தெரியவில்லை. அவன் ஓரடி வைத்தால் கீழே இருப்பவன் நாலடி சறுக்குகிறான்.

நான் அந்தக் கூட்டத்தின் நடுவில் மாட்டிக்கொண்டேன். என் கால் தரையில் இல்லை. இரண்டு தலைகளுக்கு நடுவே என் மகளின் சிவப்பு ரிப்பன் தெரிகிறது. கயிறு அவள் கழுத்துவரை இறங்கிவிட்டது. எதிரே சிப்பாய்கள் துப்பாக்கியை நிமிர்த்திவிட்டார்கள். அவன் சுட்டாலும் முதலில் பிள்ளைகள்தான், இவர்கள் மிதித்தாலும் பிள்ளைகள்தான். நான் கத்திய கத்து என் காதுக்கே கேட்கவில்லை.

அப்போதுதான் நீ ஓடுவதைப் பார்த்தேன். பிள்ளைகளை நோக்கி அல்ல, பிள்ளைகளை விட்டு. வாய்க்கால் ஓரமாகப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டை நோக்கி ஓடினாய். அடப்பாவி, அத்தனை பச்சைப் பிள்ளைகளையும் போட்டுவிட்டு உன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஓடுகிறாயே, நீ விளங்குவியா என்று வயிறெரிந்து திட்டினேன்.

டணார் என்றது.

நிதானமாக, இடைவெளி விட்டு, விடியற்காலையில் அடிக்கிற அதே அடி. என் வாய் பாதிச் சொல்லில் மூடிக்கொண்டது. எனக்கு முன்னால் இருந்தவன் ஓங்கிய கையை இறக்கினான். ஒருத்தரும் யோசிக்கவில்லை. கூட்டம் முழுவதும் அப்படியே திரும்பி மேட்டில் ஏறிக் களத்துக்கு நடந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மலைத் தோட்டத்துக்காரர்களுக்கு அங்கே வரிசை ஏது? அவர்களும் வந்து தங்கள் கங்காணி பின்னால் புதிதாக ஒரு வரிசை கட்டிவிட்டார்கள். அதைவிடக் கூத்து, ஆட்டக்காரர்களும் வந்துவிட்டார்கள். நம் கோல்காரர் சேறும் சகதியுமாக வந்து தன் இடத்தில் நின்று கையைக் கட்டிக்கொண்டார். என் வீட்டுக்காரர் மூச்சிரைக்க அவர் பக்கத்தில். கீழே திடலில் டிரசரும் சப்பான்காரர்களும் பிள்ளைகளும் மட்டும். என் மகள் எழுந்து நடந்துபோய் அரிசி மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அதிகாரி மேடேறி வந்தபோது சிரிப்பெல்லாம் போய்விட்டது. வரிசையாக ஆண்கள் நிற்கிறார்கள். சயாமுக்குப் பொறுக்க இதைவிட வசதி வேண்டுமா? உனக்கு அது தெரியாமலா இருந்திருக்கும். மணி அடித்த இரும்புக் கம்பியைக் கையில் பிடித்தபடி நின்றாய். யார் அடித்தது என்று கிராணி மூலமாகக் கேட்டான். நீ கையைத் தூக்கினாய். விட்டான் ஓர் அறை. சுருண்டு விழுந்து எழுந்து, மறுபடி நேராக நின்றாய். அவன் வரிசையை ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு என்னவோ சொன்னான். கிராணி அதைத் தமிழில், "பெரட்டு அடிச்சாச்சில்ல, எல்லாரும் மரவள்ளிக் காட்டுல போய்க் களை எடுங்க" என்றார்.

இரண்டு தோட்டமும் சேர்ந்து பொழுது சாயும்வரை களை எடுத்தோம். களை எடுத்துக்கொண்டே அது கோலா இல்லையா என்று சண்டை நடந்தது. அரிசி மூட்டை லோரியில் ஏறிப் போய்விட்டது. அடுத்து வந்த நாளெல்லாம் ஜனம் உன்னைத்தான் பேசியது. "வர வேண்டிய அரிசியை மணி அடிச்சுத் துரத்திட்டா" என்று. குழாயடியில் ஒருத்தியின் குடத்தை நான் தூக்கிப் போட்டு நசுக்கியது அதற்காகத்தான். நீ வீங்கிய கன்னத்தோடு கொட்டகையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குத் தலை வாரினாய். உன்னைத் திட்டியதைச் சொல்லி உன் கையைப் பிடித்து அழுதேன். அப்போதுதான் அந்தத் துரு வாசம். நீ சொன்னது இவ்வளவுதான்: "விடு புள்ள. புள்ளைங்க எல்லாம் இருக்குதுங்க."

உன் புருஷன் கடைசிவரை வரவில்லை. நீ இன்னொரு கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அதைப்பற்றி இப்போது எழுதினால் எனக்குக் கை ஓடாது.

நேற்றைய கதைக்கு வருகிறேன். அந்தச் சின்னவன் மூச்சில்லாமல் நிற்கிறான். கேட்டுச் சங்கிலியில் தொங்கிய பூட்டைக் கையில் பிடித்தேன். துருப்பிடித்த பூட்டு. கேட்டுக் குழாயில் ஓங்கி அடித்தேன், இடைவெளி விட்டு, நீ அடித்த மாதிரியே. "பெரட்டு, பெரட்டு" என்று தொண்டை கிழியக் கத்தினேன். இளசுகள் கிழவிக்குப் பைத்தியம் என்று சிரித்தார்கள். மகள், "அம்மா, மானத்த வாங்காதீங்கம்மா" என்றாள். ஆனால் புள்ள, கூட்டத்தின் நடுவில் தொப்பி போட்ட ஒரு கிழவர் நின்றுவிட்டார். முதுகை நிமிர்த்திக்கொண்டு பக்கத்திலிருந்த மகனின் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் நின்றார். என் வயதுக்காரி ஒருத்தி தானாகவே பெண்கள் பக்கம் ஒதுங்கினாள். அங்கங்கே நட்ட கம்பம் மாதிரி கிழடுகள் நிற்கவும், பின்னால் வந்த கூட்டம் முட்டிக்கொண்டு நின்றது. முன்னால் கொஞ்சம் இடம் விட்டது. மகள் அந்தச் சின்னவனைத் தூக்கி வெளியே விட்டாள். மற்றதுகளும் ஒவ்வொன்றாக வெளியே போயின.

வெளியே மழையில் அந்தத் தொப்பிக்காரர் என்னைத் தேடி வந்தார். "நீங்க எந்தத் தோட்டம்மா?" என்றார். சொன்னேன். "நான் மலைத் தோட்டம். அன்னைக்கு அது கோல் இல்லம்மா" என்றார். எனக்கு வந்ததே கோபம். கோல்தான் என்று மழையில் நின்று அவரோடு மல்லுக்கு நின்றேன், மகள் குடையோடு தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவர் குரலை இறக்கி, "அன்னைக்கு மணி அடிச்ச அம்மா நீங்களா?" என்று கேட்டார். இல்லை, அவள் போய்விட்டாள் என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். "என் தம்பி அந்தக் கயித்தடியிலதான் உட்கார்ந்திருந்தான். அரிசி போச்சுன்னு நாங்களும் அவங்களத்தான் திட்டினோம்" என்றார். தம்பி கோலா கிளாவாங் ஊரில் பேரன் பேத்தியோடு இருக்கிறானாம்.

உனக்குச் சொல்ல வேண்டிய சேதி இதுதான். என் கை வீங்கியிருக்கிறது, துரு வாசம் போகவில்லை, போகவும் வேண்டாம். அது கோல்தான். கேட்டுக்கு வெளியே ஒவ்வொரு தலையாகத் தொட்டுப் பார்த்துவிட்டேன். புள்ளைங்க எல்லாம் இருக்குதுங்க, புள்ள.