என் இடத்தில் காவியா

11 ஜூன் 2023, ஞாயிறு

ஏழு கோல் வாங்கினோம். ஒன்றுகூடப் போடவில்லை. தொழிற்சாலைப் பெண்கள் ஹாக்கிக் கோப்பையில் மூன்றாவது வருடமாகக் கடைசி இடம். பெங்களூரிலிருந்து திரும்பும் வண்டி அத்திப்பள்ளி தாண்டியதும் ரஞ்சிதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். போன வருடம்வரை என்னோடு தடுப்பு வரிசையில் நின்றவள். முழங்கால் கெட்டுப்போனதும் கம்பெனி அவளையே பயிற்சியாளர் ஆக்கிவிட்டது.

“இந்த டீம் தேறணும்னா என்ன செய்யணும் மெஹக்? நீ சொல்லு, நான் செய்யுதேன்” என்றாள். எத்தனை வருடம் ஓசூரில் இருந்தாலும் அவளுக்குக் கோவில்பட்டிப் பேச்சு மாறாது.

13 ஜூன்

மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். புதுப் பெண்களை எடு. ஒரு வருடம் தோல்வியை எண்ணாதே. கோல் வாங்காமல் நிற்க முதலில் பழக்கு, கோல் போடுவது பிறகு. இரண்டு கிலோமீட்டரை ஒன்பது நிமிடத்தில் ஓட முடியாதவர்கள், யாராக இருந்தாலும், வெளியே.

ரஞ்சிதா படித்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

10 செப்டம்பர்

ஒன்பது புதுப் பெண்கள் வந்திருக்கிறார்கள். அதில் காவியா அஞ்செட்டிக்காரி, பத்தொன்பது வயது. ஊருக்குப் பேருந்து எப்போதாவதுதான் என்பதால் விடுதியில் தங்க வைத்திருக்கிறோம். பந்து வரும் திசை அவளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ஆனால் மட்டையைத் தரையோடு வைக்கத் தெரியவில்லை.

“உன் இடத்துல நிக்க இவளுக்குக் கத்துக்குடு. உனக்கு அடிகிடி பட்டா ஆள் வேணும்லா?” என்றாள் ரஞ்சிதா. சரிதானே.

4 பிப்ரவரி 2024

0–3 தோல்வி. எல்லோரும் சிரித்துக்கொண்டே திரும்பினோம். ஏழு எங்கே, மூன்று எங்கே!

18 ஆகஸ்ட்

போன வருடம் எங்களுக்கு ஏழு போட்ட அதே அணியை இன்று 1–0 என்று முடித்துவிட்டோம். கடைசிப் பத்து நிமிடம் நானும் காவியாவும் சேர்ந்து தடுத்தோம். “அக்கா, நீங்க கத்தலன்னா நான் அந்தப் பந்த வுட்டிருப்பேன்க்கா” என்றாள்.

3 ஜனவரி 2025, வெள்ளி

கோப்பைக்கான பதினெட்டுப் பேர் பட்டியல் வாட்ஸப் குழுவில் வந்தது. என் பெயர் இல்லை. டைப் செய்தவர் விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். ரஞ்சிதாவுக்கு நான்கு முறை போன் அடித்தேன். எடுக்கவில்லை. எச்.ஆர். அறைக்குப் போனேன். அங்கிருந்த மேடம் என்னை வினோதமாகப் பார்த்தார்.

“ரஞ்சிதா நவம்பர்லயே சொல்லிட்டாங்களே. நீங்களேதான் ஆட்டம் போதும், லைன் வேலைக்கே போறேன்னு கேட்டதா எழுதிக் குடுத்திருக்காங்க.”

நான் கேட்டேனா? எப்போ? யார்கிட்ட?

நவம்பர், டிசம்பர் — ரெண்டு மாசம் தினமும் காலைல காவியாவோட நின்னேனே. ரஞ்சிதா பக்கத்துல நின்னு பாத்துட்டே இருந்தாளே. பாவி.

5 ஜனவரி, ஞாயிறு

மைதானத்தில் ரஞ்சிதாவைப் பிடித்தேன். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

“அக்டோபர்ல ரெண்டு கிலோமீட்டர நீ ஒம்பது நாப்பதுல ஓடின. யாரா இருந்தாலும்னு நீதான எழுதின?”

“எழுதினேன். வெளியே போன்னு சொல்லியிருந்தா போயிருப்பேன். நானே கேட்டதா ஏன்டி பொய் சொன்ன?”

மட்டையால் சரளையைக் கிளறினாள். “உனக்குத் தெரிஞ்சா காவியாவுக்குச் சொல்லிக்குடுக்க மாட்டன்னு பயந்துட்டேன்.”

ஒன்பது வருடப் பழக்கம். என்னைப் பற்றி இவள் புரிந்துகொண்டது இவ்வளவுதானா?

6 ஜனவரி

அணியில் சேருமுன் பார்த்த உற்பத்தி லைன் வேலை, மறுபடியும். பி ஷிப்ட். எட்டு மணி நேரம் நின்றதில் பாதம் மரத்துப்போய்விட்டது.

12 பிப்ரவரி

காவியா போன் செய்தாள். அரையிறுதியில் எதிரணியின் வலதுபக்கக்காரி வேகமாம். முதலில் எடுக்கவே மனமில்லை. எடுத்தேன். “அவ பின்னால ஓடாத. உள்ள வர்ற வழிய அடைச்சுக்கிட்டு கோட்டோரமா தள்ளிக்கிட்டுப் போ” என்றேன்.

“உங்கள ஏன்க்கா டீம்லேர்ந்து தூக்கிட்டாங்க? நீங்களா நின்னுட்டீங்கன்னு சொல்றாங்க.”

“நானா நிக்கல. அத மட்டும் தெரிஞ்சுக்கோ. இப்ப போய் ஆடு.”

22 பிப்ரவரி, சனி

இறுதிப் போட்டி 2–1. கோப்பை நமக்கு. லைனில் எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷமா, வயிற்றெரிச்சலா? இரண்டும்தான்.

ரஞ்சிதா செய்தி அனுப்பியிருக்கிறாள்: ‘இது உன் கோப்பையும்தான்.’ பதில் போடவில்லை.

17 மே

கிருஷ்ணகிரியில் ஒரு கிளப் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராக வரச் சொல்கிறார்கள். ஞாயிறு மட்டும். இரண்டு வருடமாகக் கடைசியில் கிடக்கும் அணி. யோசிக்கிறேன்.

15 ஜூன், ஞாயிறு

கிருஷ்ணகிரியில் நான்காவது வாரம். புது அணியை எப்படி அமைப்பதென்று முடிவாகிவிட்டது. யாரிடமும் வாய் திறப்பதற்கு முன் கேப்டன் ஜெயமணியைத் தனியாகக் கூப்பிட்டேன். முப்பத்திரண்டு வயது, மத்தூரிலிருந்து வருகிறாள்.

“இந்த வருஷம் பதினோரு பேர்ல நீ இல்ல ஜெயமணி. உன் இடத்துக்குச் சின்னப் பொண்ண எடுக்கறேன். அவளுக்கு நீ சொல்லிக் குடுத்தா எனக்குப் பெரிய உதவி. முடியாதுன்னாலும் தப்பில்ல.”

பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வாரம் வருவாளா தெரியாது. என்னைத் திட்டிக்கொண்டேதான் மத்தூர் பஸ் ஏறியிருப்பாள். திட்டட்டும். யாரைத் திட்டுவது என்று அவளுக்குத் தெரியும்.