வெறும் தாளில் வாங்கிய கையெழுத்து

டில்லி-6
17-4-1983, ஞாயிறு

சௌபாக்கியவதி ஜலஜாவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம், மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் அப்படியே. இங்கே என் உடம்புக்கு ஒரு குறையுமில்லை, வெயில் வந்ததும் முழங்கால் வலிகூடப் போய்விட்டது. அங்கே நீங்கள் மூன்று பேரும் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். குழந்தைக்கு இருமல் என்று எழுதியிருந்தாய். ஓமத்தை வறுத்துத் துணியில் முடிந்து நெஞ்சில் ஒத்தடம் கொடு, அந்த ஊர் டாக்டர் சிரிப்பார் என்று பயப்படாதே. பூசா ரோடு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த மாணிக்கவாசகம் மே மாதக் கடைசியில் அங்கே லுஸாகாவுக்கு வருகிறாராம், அவரிடம் நார்த்தங்காய் ஊறுகாயும் கொஞ்சம் வடாமும் கொடுத்தனுப்புகிறேன். இதோடு நல்ல சமாசாரம் தீர்ந்தது. இனிமேல் எழுதப்போவதை மாப்பிள்ளைக்குத் தெரியாமல் படிக்காதே, இரண்டு பேருமாக உட்கார்ந்து படியுங்கள்.

நம் கல்லிச் சந்தில் மூன்று வருஷமாக நாங்கள் அடித்த கூத்தெல்லாம் உனக்குத் தெரியும், கடிதம் தவறாமல் எழுதியிருக்கிறேன். நீ கல்யாணமாகிப் போகும்போது கல்லி வாசலில் இருந்த பழைய பாட்டக் கதவைக் குப்பை பாதிக்குமேல் மூடியிருந்தது, உன் டாக்ஸி உள்ளே வர முடியாமல் பெட்டிகளைத் தலையில் சுமந்துகொண்டு போனோம். அந்த வாசற்கதவு முந்நூறு வருஷத்துக் கதவு என்று அப்போது யாருக்குத் தெரியும், ஆணி வைத்துத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். கீழ்வீட்டு ஷகீலாதான் ஆரம்பித்தாள், வீட்டுக்கு ஒரு ஆள், ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆளுக்குப் பத்து பாண்டுச் சட்டி குப்பை. அவள் புருஷன் புத்தகம் பைண்டு பண்ணுகிறவன், மெலிந்த ஆள், அவனே பத்து சுமந்தான் என்றால் பார். பால்கடை ஓம் பிரகாஷ் கிணற்றுக்குள் இறங்கித் தூர் வாரினான். தூண் தூணாக எட்டுப் பக்கக் கிணறு வெளியே வந்தது. சாக்கடைக்குக் கல் மூடி போட்டோம். சிமெண்டு பூசக்கூடாது, சுண்ணாம்புக் காரைதான் பூச வேண்டும் என்று உன் மாமனார் சொல்லிக்கொடுத்தார், நாற்பத்திரண்டு குடும்பமும் கடுக்காய்த் தண்ணீர் ஊறப்போட்டுக் காரை அரைத்தோம், மாசக்கணக்கில் கையெல்லாம் வெந்து தோல் உரிந்தது. எனக்கு அதில் ஒரு கர்வம்டி. லோதி ரோட்டுத் தமிழ்க்காரர்கள் எல்லாரும் குஞ்சம்மாள் அந்தச் சந்தில் ஏன் கிடக்கிறாள், சரோஜினி நகரில் க்வார்ட்டர்ஸ் கிடைத்தும் வேண்டாமென்றாளே என்று கேலி பேசினவர்கள்தான், தீபாவளிக்குப் பெண்டு பிள்ளைகளோடு வந்து கிணற்றடியில் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

உன் மாமனாரை இதில் கொண்டுவந்து சேர்த்தது நான்தான். பட்டாபி என்றால் கட்டட இலாகாவில் இருபத்தைந்து வருஷம், எந்தக் காகிதம் எந்த மேஜைக்குப் போக வேண்டும் என்று தெரிந்தவர், அதற்கு மேல் சம்பந்தி. கல்லிக்காரர்களிடம் இவர் எங்கள் பெண்ணின் மாமனார் என்று சொல்லித்தான் நாற்காலி போட்டேன். அதற்கு மேல் அவர்களுக்கு வேறு சிபாரிசு வேண்டியிருக்கவில்லை. இந்த இடம் முழுவதையும் பழமையான இடம் என்று சர்க்கார் பாதுகாக்க வேண்டும், குடியிருப்பவர்களைக் கிளப்பக்கூடாது, ரிப்பேருக்கு உதவ வேண்டும் என்று மனு எழுதுவது என்று நவம்பரில் தீர்மானம் ஆயிற்று. மனு எழுதுவதற்கு என்னைவிட யார் இருக்கிறார்கள், முப்பத்தொரு வருஷம் செக்ஷனில் அதைத்தானே செய்தேன். நாலு பக்கம் டைப் அடித்தேன். உன் மாமனார் இந்தப் பாரா இப்படி இருக்கட்டும், அந்த வார்த்தை அந்த ஆபீசருக்குப் பிடிக்காது என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார். ஒவ்வொரு தடவையும் நாற்பத்திரண்டு வீடு ஏறி இறங்க முடியுமா. ஆகவே ஆபீஸில் நாங்கள் வழக்கமாகச் செய்கிற வேலையைச் செய்தேன். தனித்தாளில் "கீழே கையெழுத்திட்டுள்ள குடியிருப்போர்" என்று தலைப்பு மட்டும் எழுதி, நம்பர் போட்டுக் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிவிட்டேன், மனு எப்போது முடிகிறதோ அப்போது கோத்துக்கொள்ளலாம் என்று. ஒவ்வொரு தாளிலும் விஷயம் இன்னது என்று எழுதாமல் கையெழுத்து வாங்கக்கூடாது என்று எத்தனை புது கிளார்க்குகளிடம் நான் சீறியிருக்கிறேன். சம்பந்தியிடம்தானே கொடுக்கிறோம் என்ற தைரியம். அந்த ஆறு தாளையும் டேக் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டு, காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

இந்த மாதம் ஆறாம் தேதி ஒரு பியூன் வந்து பாட்டக்கில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனான். இங்கிலீஷில் இருந்ததால் ஓம் பிரகாஷ் பால் பாத்திரத்தைக் கையிலே வைத்துக்கொண்டே ஓடி வந்து, அம்மாஜி, ஜல்தி வாங்க, நம்ம மனுவுக்கு பதில் வந்தாச்சு என்றான். நானும் சந்தோஷமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போனேன். படித்தேன். குடியிருப்பவர்கள் எல்லாரும் தங்கள் வீடுகள் இடிகிற நிலையில் இருப்பதாகவும், யமுனைக்கு அந்தப் பக்கம் ஃப்ளாட் கொடுத்தால் காலி செய்யச் சம்மதம் என்றும், கல்லியை ஒரு கம்பெனி மார்க்கெட் கட்டுவதற்கு எடுத்துக்கொள்வதில் ஆட்சேபணை இல்லை என்றும் தாங்களே கையெழுத்துப் போட்டு விண்ணப்பித்திருக்கிறார்களாம். ஆட்சேபணை இருந்தால் பதினைந்து நாளைக்குள் நேரில் வந்து சொல்லலாமாம். பின்னால் கையெழுத்துகளின் நகல். ஒன்றிலிருந்து நாற்பத்திரண்டு வரை நம்பர் போட்டிருந்தது என் கை. ஏழாம் நம்பரில் நான் எப்போதும் குறுக்கே ஒரு கோடு போடுவேனே, அதுவும் இருந்தது. சுற்றி இருபது பேர் நின்று க்யா லிக்கா ஹை, என்ன எழுதியிருக்கு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வீட்டில் போய்ச் சரியாகப் படித்துச் சொல்கிறேன் என்று பொய் சொல்லிவிட்டு நேரே பஸ் பிடித்து லோதி ரோட்டில் உன் மாமனார் வீட்டுக்குப் போனேன்.

உன் மாமனார் மறைக்கவே இல்லை, அதுதான் என்னைக் கொன்றுவிட்டது. திருட்டு முழி முழித்திருந்தால்கூடப் பரவாயில்லை. உட்காருங்கோ, மோர் சாப்பிடறேளா என்கிறார். பிறகு நிதானமாக எடுத்துச் சொல்கிறார், எல்லாம் அவா நல்லதுக்குத்தான், அங்கே ஆத்துக்குள்ளேயே குழாய், ஆத்துக்குள்ளேயே கக்கூஸ், இந்தப் பழைய செங்கல்லைக் கட்டிண்டு அழுது என்ன ஆகப்போறது, ஏஷியாட் பந்தயம் ஆனதுக்கப்புறம் டில்லியே மாறிண்டிருக்கு என்று. அந்த மூன்று வருஷம் காரை அரைக்கச் சொல்லிக்கொடுத்தீர்களே என்றேன். அது அப்போ என்றார். நாங்கள் குப்பையை வாரினதால்தான் அந்த இடத்தின் விஸ்தீரணமே வெளியே தெரிந்ததாம், கம்பெனிக்காரன் கண்ணில் பட்டதாம். எங்கள் உழைப்பே எங்களுக்குக் குழி தோண்டியிருக்கிறது, கேட்டுக்கொள். ஜூனில் அவர் ரிட்டையர் ஆனதும் அதே கம்பெனியில் அவருக்கு வேலை, மாப்பிள்ளையின் தம்பி பாலசுப்ரமணியத்துக்கு மார்க்கெட்டில் முதல் கடை. என் கையெழுத்துத் தாளைத் திருடினீர்கள் என்று கத்தினேன். திருடலையே, நீங்கதானே கோத்துக் கையிலே குடுத்தேள் என்றார். எழுந்து வரும்போது இன்னொன்றும் சொன்னார், அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

மறுநாள் சாயங்காலம் எல்லாரையும் கிணற்றடிக்குக் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லிவிட்டேன். வேறு எப்படிச் சொல்ல, மனுவை மாற்றினது என் சம்பந்தி, மாற்ற இடம் கொடுத்தது நான். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் திருப்பி நாலு வார்த்தை பேசி ஆறுதல் அடைந்திருப்பேன். ஓம் பிரகாஷ் தலையைக் குனிந்துகொண்டு கடைக்குப் போய்விட்டான். ஷகீலா மட்டும் கிட்டே வந்து, அம்மாஜி, அந்தத் தாளிலே என்ன எழுதியிருக்குன்னு நாங்க யாராவது கேட்டோமா, உங்க முகத்தைப் பார்த்துத்தானே கட்டைவிரலை வெச்சோம் என்றாள். நீ டைஃபாய்டில் கிடந்தபோது பதினோரு நாள் என்னோடு விழித்திருந்தவள், உனக்குத் தெரியும். அன்றிலிருந்து மாடி ஏறி வரவில்லை. பால் வருகிறது, குழம்புக் கிண்ணம் வருவதில்லை. வாசலில் நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. இருபத்தெட்டு வருஷமாக மதராஸி அம்மா என்று கூப்பிட்டவர்களுக்கு இப்போது நான் அந்த ஆசாமியின் சம்பந்தி.

புதன்கிழமை உன் மாமியார் காமாக்ஷி வந்தாள், தட்டில் பழம், வெற்றிலை, குங்குமம் எல்லாம் வைத்துக்கொண்டு. பாவம், அவளுக்கு முன்னால் எதுவும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன், அழுதாள். நீங்க போய் ஆட்சேபணை சொன்னா டிபார்ட்மெண்ட் விசாரணை வந்துடும், பென்ஷன் நின்னுடும், ஜூன் வரைக்கும் வாயைத் திறக்காம இருங்கோ, அப்புறம் எது வேணா பண்ணிக்கோங்கோ என்றாள். ஜூனுக்குள் பாட்டக்கை இடித்துவிடுவார்கள், அதற்கப்புறம் நான் எதைப் பண்ணிக்கொள்வது. அவளைத் திட்ட மனசு வரவில்லை. குங்குமத்தை மட்டும் சுவாமிக்கு முன்னால் வைத்தேன், தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சம்பந்தி வீட்டுத் தட்டைத் திருப்பி அனுப்புவது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிந்தேதான் செய்தேன்.

வருகிற வியாழக்கிழமை விசாரணை. நான் போகிறேன். அந்தக் கையெழுத்துகளை வெறும் தாளில் வாங்கினது நான், இதோ மனுவின் உண்மை நகல், இதற்குத்தான் வாங்கினேன், மேலே கோத்திருப்பது வேறு யாரோ எழுதினது என்று சத்தியம் பண்ணி எழுதிக் கொடுக்கப் போகிறேன். யார் கோத்தது என்று கேட்பார்கள். பெயரைச் சொல்லுவேன். என்னையும் சும்மா விடமாட்டார்கள், இத்தனை வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று நாலு பேர் முன்னால் கேட்பார்கள், கேட்கட்டும். அதனால் கல்லி பிழைக்குமா என்று எனக்குத் தெரியாது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பத்துப் பன்னிரண்டு நாளாகும், அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். போகாதே அம்மா என்று நீ தந்தி கொடுத்துவிடக்கூடாது என்றுதான் இன்றைக்கு வரை எழுதாமல் வைத்திருந்தேன். எனக்கும் கொஞ்சம் கள்ளத்தனம் வந்துவிட்டது.

இப்போது அந்த இன்னொன்று. நான் படி இறங்கும்போது உன் மாமனார் சொன்னார், உங்களுக்குத்தான் தெரியாது, லுஸாகாவுல கொழந்தேளுக்கு இதையெல்லாம் பொங்கல் சமயமே எழுதிட்டேனே, ரெண்டு பேருக்கும் சந்தோஷம்தான் என்று. பிப்ரவரியில் உன் கடிதம் வந்தது. அம்மா, அந்த இடிந்த வீட்டில் தனியாக இருந்தது போதும், எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே வந்துவிடு, குழந்தைக்குப் பாட்டி வேண்டும் என்று. நீ அப்படிக் கூப்பிட்டதே இல்லை. பைத்தியம் மாதிரி அதைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன், என் பெண் கூப்பிடுகிறாள் பார் என்று ஷகீலாவுக்கு ஹிந்தியில் வரி வரியாகப் படித்துக் காண்பித்தேன். உங்கள் கல்லியை விட்டுவிட்டு நான் எங்கே போவேன் என்று வேறு பெருமையாகச் சொன்னேன். உன் மாமனார் செய்ததை நான் கோர்ட்டு வாசல் வரை இழுத்துவிடுவேன், அவர் வேற்று மனுஷர். நீ இந்தக் கல்லியில் பிறந்தவள். அந்த ஆறு தாளில் இருக்கிற நாற்பத்திரண்டு பேரில் பாதிப்பேர் உன்னை இடுப்பில் தூக்கி வைத்திருந்தவர்கள்.

கோபத்தில் எழுதுகிறேன், இருந்தாலும் என் ஆசீர்வாதத்தில் ஒரு குறையும் கிடையாது. தீர்க்க சுமங்கலியாக, பிள்ளையும் குட்டியுமாக நன்றாக இரு. மாப்பிள்ளைக்கு அவர் அப்பாவைப் பற்றிப் படித்து வருத்தமாக இருக்கும், அன்றைக்கு அவரிடம் முகம் கொடுத்துப் பேசு. குழந்தையை ஈரத் தலையோடு வெளியே விடாதே. பதில் உடனே போடு, நீளமாக வேண்டாம், சமாதானமும் வேண்டாம். நீ என்னைக் கூப்பிட்டது நான் வேண்டும் என்றா, நான் இங்கே இருக்கக்கூடாது என்றா, அதை மட்டும் எழுது. எதுவாக இருந்தாலும் உண்மையை எழுது, நீ என் பெண் இல்லை என்று ஆகிவிடாது. விலாசம் மாற்ற வேண்டாம், நான் இங்கேதான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
குஞ்சம்மாள்