குறுந்தகடு – 1

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து ஆபீஸ் சாஃப்ட்வேர் திறக்க மாட்டேன் என்கிறது. "சிடியைப் போடவும்" என்று ஒரு பெட்டி. மூடினால் மறுபடியும் அதே பெட்டி. எந்த சிடியை? மெஷின் வரும்போதே உள்ளே போட்டுத்தானே வந்தது?

இது படுக்க இந்த வாரம்தானா கிடைத்தது! இடமாறுதல் படிவத்தை இதில்தான் நிரப்பி, இந்த மெஷினிலிருந்துதான் அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி. விட்டால் இன்னும் மூன்று வருடம். மகளுக்கு எட்டு வயது. அவள் அப்பாவோடும் என் மாமியாரோடும் எங்கள் ஊரில், நான் இந்த ஒற்றை அறையில். நாலு வருடமாக இப்படித்தான்.

மார்ச் 5, புதன்

ஸ்டோர் பொறுப்பாளரிடம் போனேன். எங்களுக்குள் அவர் பெயர் ரூல்தடி, அது கையில் இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. பதிவேட்டில் அதை வைத்து வரி வரியாக இறங்கினார். பதினேழில் நின்றார்.

"குறுந்தகடு ஒண்ணு. வாங்கினது நீங்க."

என் கையெழுத்தேதான். இங்கே வந்த அன்று, பஸ்ஸில் வந்த களைப்போடு நாற்பத்து மூன்று பொருளுக்குப் போட்டது. குறுந்தகடு என்றால் மேசையில் எண் பொறித்து ஆணி அடித்து வைத்திருக்கிறார்களே, அந்தச் சின்னத் தகரத் தகடு என்று நினைத்துவிட்டேன். சிடின்னு எழுதித் தொலைச்சா என்ன?

பீரோ, இழுப்பறை, பழைய கோப்புக் கட்டு எல்லாவற்றையும் கவிழ்த்தாயிற்று. தும்மல்தான் மிச்சம்.

மார்ச் 6, வியாழன்

தலைமை அலுவலக ரிப்பேர்க்காரர் ஆறாவது முறைதான் போனை எடுத்தார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"சிடியே வந்திருக்காது மேடம். எல்லாத்தையும் மெஷினுக்குள்ளயே வெச்சு அனுப்பிடுவாங்க. அந்த ஃபோல்டர் மறைஞ்சிருக்கும். சிடி கேட்கும்போது அதைக் காட்டுங்க, போதும்."

அவர் சொன்ன இடத்தில் டிக் அடித்ததும் மங்கலாக ஒரு ஃபோல்டர் வந்து நின்றது. இத்தனை நாளும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. "ரிப்பேர்" என்பதை அழுத்தி அதைக் காட்டினேன். பச்சைக் கோடு அரை மணி நேரம் ஊர்ந்தது. திறந்துவிட்டது!

மேசையில் தலையை வைத்துக் கொஞ்சம் அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மாறுதல் உத்தரவு வந்துவிட்டது. போனில் என் கணவர் "நிஜமாவா?" என்று மூன்று தரம் கேட்டார். மகள் போனைப் பிடுங்கி, "எத்தனை நாளைக்கும்மா வர்ற?" என்றாள்.

ஏப்ரல் 24, வியாழன்

ரூல்தடி என்னை விடுவிக்க மாட்டாராம். குறுந்தகடு ஒன்று குறைகிறதாம்.

வரவே வராத பொருள் என்று தலைகீழாக நின்று சொன்னேன். ரிப்பேர்க்காரரையே பேச வைத்தேன். "வராத பொருளுக்கு எதுக்கும்மா கையெழுத்துப் போட்டீங்க?" என்கிறார். நியாயமான கேள்வி, அதுதான் எரிச்சல். விசாரணை வைத்துத்தான் அந்த வரியை நீக்க முடியும், ஆறு மாதம் ஆகும். உத்தரவோ முப்பது நாளில் செல்லாமல் போய்விடும். புதிதாக வருகிறவர் நாற்பத்து மூன்றுக்கும் கையெழுத்துப் போட்டால் ரூல்தடிக்கு ஆட்சேபம் இல்லையாம்.

அதாவது, என்னைப் போலவே ஒருத்தி வந்து, பார்க்காமல் போட வேண்டும். அப்படி ஒருத்தி வரட்டும் என்று வேண்டிக்கொள்கிறேனே, எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

மே 2, வெள்ளி

என் இடத்துக்கு வருகிறவள் பையோடு நேரே அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். கண்ணெல்லாம் சிவப்பு. பட்டியலைக் கொடுத்தேன். மளமளவென்று டிக் அடித்துக்கொண்டே போனாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கத்தான் நினைத்தேன்.

"இருங்க. அந்தப் பதினேழு, சிடி, அது இல்ல. வரவே இல்ல. நான் தெரியாம போட்டுட்டேன்."

நிமிர்ந்து பார்த்தாள். "நான் போடலன்னா?"

"நான் இங்கயேதான் இருக்கணும்."

"பிள்ளைங்க?"

"ஒரு பொண்ணு. எட்டு வயசு."

டிக் அடித்தாள். "போங்கக்கா. எனக்கும் ஒரு நாள் யாராவது வந்து போடாமலா போயிடுவாங்க?"

நன்றி சொன்னேனா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். அந்த ஃபோல்டர் இருக்கும் இடத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

மே 6, செவ்வாய்

எங்கள் ஊர் அலுவலகத்தில் பொறுப்பேற்றேன். அறுபத்தொரு பொருள். இந்தத் தடவை ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துத்தான் டிக் அடித்தேன். இருபத்தெட்டு: சுவர்க்கடிகாரம் – 1. சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

பொறுப்பை ஒப்படைக்கிறவர் ஊருக்குப் போகிற பையை மடியில் வைத்துக்கொண்டு என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடிகாரம் சரியா ஓடுதுல்ல?" என்றேன்.

ஆணியைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பிறகு பக்கத்து மேசையில் மணி கேட்டுக்கொண்டு, மகளைக் கூட்டி வரக் கிளம்பினேன்.