அந்த மூன்றாவது விண்மீன் இருக்கிறதா?

நேற்று மத்தியானம் உன் தம்பி டாலிகஞ்சில் என் வீட்டுக்கு வந்து ஒரு நோட்டைக் கொடுத்தான். "லாத்தா பெட்டியில இருந்துச்சு அக்கா. எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல" என்றான். மூத்தவளான உன்னை அவன் லாத்தா என்றுதானே கூப்பிடுவான். திறந்ததும் பூஞ்சை வாசனை. இந்தத் தீவு மழைக்கு எந்தக் காகிதம் தப்புகிறது? உள்ளே உன் சாய்ந்த கையெழுத்தில், வரிசை வரிசையாக நம் விண்மீன்களின் எண்கள்.

நீ சௌல்தாரியில் டீச்சர், நான் துறைமுக ஆபீஸில் கிளார்க். கல்லூரியில் சேர்ந்து படித்த பௌதிகம் எனக்கு மறந்தே போயிருந்தது. சென்னையில் ஓர் ஆய்வாளர் தன்னார்வலர்களைத் தேடுகிறார் என்று தெரிந்ததும் என்னைக் கேட்காமலே என் பெயரையும் கொடுத்தாய். ஒன்றையொன்று சுற்றும் இரண்டு ராட்சச விண்மீன்கள் நமக்குக் கிடைத்தன. ஒன்று மற்றொன்றை மறைக்கும்போதெல்லாம் வெளிச்சம் குறையும். ஒரு முறை ஆழமாக, மறுமுறை லேசாக. விண்வெளித் தொலைநோக்கி அதைப் பதிந்து வைத்திருந்தது. மறைப்பு நடக்கும் நேரங்களைக் குறிப்பதுதான் நம் வேலை. "இப்படி மறைச்சாத்தான்டி இவ்வளவு பெரிய நட்சத்திரத்த நம்பி எடை போட முடியும்" என்பாய்.

கடலடிக் கேபிள் வராத நாட்கள் அவை. இணையத்தில் ஒரு படம் திறக்கவே அரை நாள் ஆகும். நீ மெயின்லேண்ட் போனபோது மொத்தத் தரவையும் ஹார்டு டிஸ்கில் ஏற்றி, துப்பட்டாவில் சுற்றி, கப்பலில் மூன்று நாளும் தலைமாட்டில் வைத்துக் கொண்டுவந்தாய்.

மறைப்புகள் நடக்க வேண்டிய நேரத்திலிருந்து சில நிமிடங்கள் பிசகுகின்றன, கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது விண்மீன் ஒன்று இந்த ஜோடியை இழுக்கிறது என்று நீ சொன்னாய். நீ நேரத்தைக் கணக்கிட்டதில் தப்பு என்று நான் சொன்னேன். பல ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. கடைசியில் உன்னிடம் சொல்லாமல், பிசகு எதுவும் இல்லை என்று நம் இருவர் பெயரிலும் சென்னைக்கு எழுதி அனுப்பினேன். ஏன் அப்படிச் செய்தேன்? அலுத்துவிட்டதா, என் கணக்கின் மேல் அவ்வளவு நம்பிக்கையா? இப்போதும் தெரியவில்லை.

அடுத்த மாதமே உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கட்டிலருகே உட்கார்ந்து, எழுதி அனுப்பியதைச் சொன்னேன். நீ கோபப்படவில்லை. "நீ சொன்னதுதான் டீக் ஹை, அதான் சரி. விட்ரு" என்றாய். பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டாய். பாரம் இறங்கியதுபோல் வீட்டுக்கு வந்தேன்.

நோட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் தேதிகள் அதற்கும் நான்கு நாள் பிந்தியவை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டுப் பார்த்திருக்கிறாய். அப்படியென்றால் என்னிடம் ஏன் அப்படிச் சொன்னாய்? என் முகத்தைப் பார்த்து இரங்கினாயா? அல்லது அப்போது நிஜமாகவே நம்பி, பிறகு சந்தேகப்பட்டாயா?

இன்று லீவு போட்டு நானும் கணக்குப் போட்டேன். லேசான மறைப்புகளை வெறும் இரைச்சல் என்று நான் ஒதுக்கியிருந்தேன். நீ அவற்றையும் சேர்த்திருக்கிறாய். அவற்றில் பாதி உன் பக்கம் பேசுகின்றன, மீதி என் பக்கம்.

சாயங்காலம் உன் தம்பி போன் செய்தான். "லாத்தா சொன்னது கரெக்டா அக்கா?"

"தெரியலப்பா. நான் அனுப்புனதும் கரெக்டான்னு தெரியல."

மெயின்லேண்டுக்கு அதையாவது எழுதிவிடச் சொன்னான்.

எழுதிவிட்டேன். என் பதிலைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். உன் கணக்கை உன் பெயரில் அனுப்பினேன். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை என்பதையும் கடைசி வரியில் மறைக்காமல் எழுதினேன். நீ இருந்திருந்தால் அந்தக் கடைசி வரிக்காக என்னோடு மல்லுக்கு நின்றிருப்பாய். இப்போது உன் வாதத்தையும் நானேதான் பேச வேண்டியிருக்கிறது. பேசிப் பார்க்கிறேன். சில சமயம் நீ ஜெயித்துவிடுகிறாய்.