இடப்பக்கமே சுழலும் பிள்ளைகள்

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் ஆசியோடு தங்கை எழுதுவது. இங்கே இருவரும் இருக்கிறோம். நீ நலமா, உன் கால்கள் நலமா என்று தனித்தனியாகக் கேட்கச் சொன்னாள் அம்மா. அவளுடைய வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு இருப்பதால் அவள் சொல்ல நான் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், எழுதாதே என்று அவள் சொல்வதையும் சேர்த்து. மூக்குக்கண்ணாடி வீட்டில் இருக்கிறது, அதனால் அவளால் சரிபார்க்க முடியாது.

உனக்கு முதன்மை வேடம் கிடைத்ததாக நீ எழுதிய கடிதத்தை அம்மா நான்கு முறை படித்தாள், அவளுடைய நடன வகுப்புக்கூடத்துக் காவலாளியிடமும் படித்துக் காட்டினாள். அதற்கு மறுநாள்தான் நாடக அரங்கின் இயக்குநர் தம் மேடைக்கு அம்மாவின் வகுப்புப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க வந்தார். அரைமணி நேரம் பார்த்துவிட்டு, "டீச்சர், உங்க பிள்ளைங்க அத்தனை பேரும் இடது பக்கமே சுத்துறாங்க. செக்குமாடுகூட இவ்வளவு ஒழுங்கா சுத்தாது" என்றார். அம்மா சிரித்தாள். வலப்பக்கம் சுழன்று காட்ட எழுந்தாள், விழுந்தாள். கட்டு அப்படி வந்ததுதான். படியில் வழுக்கியதாக எழுதச் சொன்னாள்.

அக்கா, பதினான்கு வருடம் மேடையில் பாலே ஆடியவளுக்கு வலது முழங்கால் போன பிறகு அந்தப் பக்கம் சுழலவே வரவில்லையாம். பிறருக்கு அவள் அமைத்துக் கொடுத்த நடனங்களிலும் நாயகிகள் இடப்பக்கமே சுழல்வார்கள். பத்திரிகைகள் அதை அவளுடைய பாணி என்று எழுதின. பாணி இல்லையடி, முழங்கால் என்றாள். வலப்பக்கம் சுற்றுங்கள் என்று வாயால் ஒன்பது வருடமாகச் சொல்கிறாள், பிள்ளைகளோ கண்ணால் பார்த்ததைத்தான் ஆடுகிறார்கள். மூன்று மாதத்தில் இயக்குநர் மறுபடி வருவார். அப்போதும் இப்படியே என்றால் பெற்றோர்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவார்கள், கூடத்தையும் மூடவேண்டியதுதான்.

இப்போது ஆடிக்காட்டுவது நான். தட்டைப் பாதத்தோடு புத்தகத்தைப் பார்த்துச் சுற்றுகிறேன், பிள்ளைகள் எனக்கு நூலகக் கொக்கு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அம்மா மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை நாற்காலியை விட்டு எழுவதில்லை. இந்தக் கூடத்தில் சன்னல் திறக்காது, நான்கு சுவரிலும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் நாங்களேதான் நிற்கிறோம்.

உன் அக்கா மூணு மாசம் வந்து ஆடிக்காட்டினா போதும் என்று செவ்வாய்க்கிழமை அம்மா தானாகச் சொன்னாள். உடனே, அதை எழுதிவிடாதே என்றாள். இன்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வராதே. நீ வந்தா அந்த வேஷம் இன்னொருத்திக்குப் போயிடும். அப்புறம் நீயும் இந்த நாற்காலியிலதான் உக்காரணும்." இதைச் சொல்லும்போது இடது கையின் இரண்டு விரல்களைக் கால்களாக்கி மேசைமேல் சுழற்றிக்கொண்டிருந்தாள். வலப்பக்கமாக. ஒருமுறைகூடத் தடுமாறவில்லை.

வலி வந்தால் மறைக்காதே, கணுக்காலை வெந்நீரில் வை, நன்றாக இரு என்று அம்மா சொல்கிறாள். அடியில் இடது கையால் அவளே கையெழுத்துப் போட்டிருக்கிறாள், கோணலாக இருக்கிறதென்று பயப்படாதே.

உன் அம்மா

ஆறு மணி ஆகிவிட்டது. காவலாளி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருக்கிறார். அம்மா இன்னும் எழவில்லை.