ஆக்லாந்துக்கு இருபத்தி நாலு மணி நேரம்

எனக்காகவே காத்துக்கிடந்த அம்மாவுக்கு,

குத்துக்கல்வலசையில் சாரல் நின்றபாடில்லை. நீ நட்ட முருங்கை போன வாரக் காற்றில் ஒடிந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா கிளைகளை அள்ளிப்போய்க் கீரை ஆய்ந்துவிட்டாள். உனக்குக் கோபம் வராது என்று நானே சொல்லிவிட்டேன்.

ஆக்லாந்து எவ்வளவு தூரம் என்று நீ கேட்டால் பதினோராயிரம் கிலோமீட்டருக்கு மேல் என்பேன். "கிலோமீட்டர யாரு கேட்டா? எத்தன மணி நேரம்னு சொல்லு," என்பாய். விமானத்தில் பதினாலரை மணி நேரம் என்றாலும் ஒத்துக்கொள்ள மாட்டாய். திருவனந்தபுரம் வரை கார், சிங்கப்பூரில் காத்திருப்பு எல்லாம் சேர்த்து, நம் வாசலிலிருந்து என் வாசலுக்கு இருபத்தி நாலு. அதுதான் உன் கணக்கு. ஊருக்குப் போனவன் போய்ச் சேரும்வரை வீட்டைப் பெருக்கக் கூடாதே. எனக்காக ஒரு முழு நாள் விளக்குமாற்றைத் தொடாமல் இருப்பாய்.

இரண்டு வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்தவன், அசதியில் உனக்குப் போன் பண்ணாமல் தூங்கிவிட்டேன். விழித்தபோது ஊரில் நீ தூங்கும் நேரம் என்று விட்டுவிட்டேன். அன்று மதியம் செல்வி அக்காதான் கூப்பிட்டாள். சார்ஜில் கிடந்த போனுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நீ போய்விட்டாய். "வீடு பெருக்காமலே கெடந்துது தம்பி," என்றாள்.

போன வருஷம் உன் திதிக்கு வந்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போனேன். ஆக்லாந்தில் என் கதவைத் திறக்கிறேன், செல்வி அக்காவின் போன். "போயி சேந்துட்டியா தம்பி? பூட்டுன வீட்டுக்குள்ள பெருக்குத சத்தம் கேக்குது. அதான் கேட்டேன்." மணி பார்த்தேன். நம் வாசலை விட்டுக் கிளம்பி, நீ சொன்ன இருபத்தி நாலு.

இந்த வருஷம் ஒரு தப்புப் பண்ணினேன் அம்மா. அது நீதானா என்று தெரிந்துகொள்ள ஆசை. டிக்கெட் அடுத்த வாரத்துக்குத்தான். இன்றைக்கே கிளம்புகிறேன் என்று செல்வி அக்காவிடம் சொல்லி, நாற்காலியை மச்சில் போட்டுப் பூட்டிவிட்டு, குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஒரு நாள் போயிற்று. இரண்டு நாள் போயிற்று. போன் வரவில்லை.

மூன்றாம் நாள் மதியம் வந்தது. "சத்தம் இன்னும் கேக்கல்ல தம்பி. நீ எங்கன இருக்க? சன்னல் வழியாப் பாத்தேன். அந்த நாற்காலி பிளக் பாயிண்ட்டுகிட்ட கெடக்கு."

மூன்று நாளாக உன்னை உட்கார வைத்துவிட்டேனே. சாப்பிட்டாயா என்றுகூட மனம் கேட்டது. இது என்ன கேள்வி?

ஆட்டோ பிடித்து ஓடிவந்தேன். நாற்காலி அங்கேதான் இருந்தது. தரையெல்லாம் தூசி, அதன் முன்னால் இரண்டு பாதம் வைக்கிற இடத்தைத் தவிர. நாற்காலியில் உட்கார்ந்து, "வந்து சேந்துட்டேம்மா," என்றேன். அடுப்படியில் பெருக்கும் சத்தம் ஆரம்பித்தது.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுந்து ஓடவில்லை. உட்கார்ந்தே இதை எழுதுகிறேன். சத்தம் இப்போது கூடத்துக்கு வந்துவிட்டது. பெருக்கும்போது "காலத் தூக்குலே" என்று அதட்டுவாயே, ஞாபகம் இருக்கிறதா?

அடுத்த வாரம் நிஜமாகவே கிளம்புகிறேன். போய்ச் சேர்ந்ததும் உன் பழைய நம்பருக்கு அடிப்பேன். யாரும் எடுக்காவிட்டாலும் அடித்துவிட்டுத்தான் தூங்குவேன். சத்தியம்.

இப்படிக்கு,
இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும்
உன் மகன்